பேஸ்பால் பேட்டிங் எண்களைப் படிப்பது எப்படி: கிரிக்கெட் தெரிந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பள்ளியிலோ கல்லூரியிலோ பேஸ்பால் அணியில் சேர்ந்த பிறகு, அமெரிக்க ஆட்டங்களின் முடிவுகளை இணையத்தில் திறந்து பார்த்து, அங்கே .284, .351, .462 என்று வரிசையாக நிற்கும் எண்களைக் கண்டு திகைத்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் கற்க முயன்றபோது தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் கிடைக்கவில்லை. கிடைத்த விளக்கங்களோ சிறு வயது முதல் அந்த ஆட்டத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்காக எழுதப்பட்டவை. கிரிக்கெட் பார்த்துப் பழகிய ஒருவர் எந்த இடத்தில் தடுமாறுவார் என்பதை அவை சொல்வதில்லை. அந்த இடங்களை மட்டும் இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறேன். ஆட்டத்தின் அடிப்படை விதிகள், அதாவது மூன்று ஸ்டிரைக், நான்கு பால், நான்கு பேஸ், ஒரு இன்னிங்ஸில் மூன்று அவுட் என்பவை உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

பேட்டிங் எண்களில் பெரும்பாலானவை பின்னங்கள். பின்னத்தின் மேலெண் எவருக்கும் எளிதில் புரிந்துவிடும். குழப்பம் முழுவதும் கீழெண்ணில்தான் இருக்கிறது. ஆகவே எந்தப் புதிய எண்ணைக் கண்டாலும், எதை எதனால் வகுத்தார்கள் என்று கேட்பதற்கு முன், கீழே எவற்றைச் சேர்த்தார்கள், எவற்றை விட்டார்கள் என்று கேளுங்கள்.

1. முதலில் சேகரிக்க வேண்டியவை

ஒன்று, விதிப்புத்தகம். அமெரிக்க மேஜர் லீகின் அதிகாரப்பூர்வ விதிகள் அதன் இணையதளத்தில் பி.டி.எஃப். வடிவில் இலவசமாகக் கிடைக்கின்றன. முழுவதையும் அச்சிட வேண்டாம். ஸ்கோரர் பற்றிய 9ஆம் விதி மட்டும் போதும். அதிலும் எது ஹிட் (அடித்த பந்தாலேயே, எதிரணியின் தவறின்றி பேஸை அடைவது) என்று சொல்லும் 9.05, சேக்ரிஃபைஸ் (தாம் அவுட் ஆகி ஓடுபவரை முன்னேற்றுவது) பற்றிய 9.08, எரர் (ஃபீல்டரின் தவறு) பற்றிய 9.12, சதவீதக் கணக்குகளைத் தரும் 9.21 ஆகிய பகுதிகளே அடிக்கடி தேவைப்படும். பழைய பதிப்பு கையில் சிக்கினால் கவனமாக இருங்கள்: 2015க்கு முன் இதே விதி 10ஆம் எண்ணில் இருந்தது.

இரண்டு, பாக்ஸ் ஸ்கோர், அதாவது ஓர் ஆட்டத்தில் ஒவ்வொரு வீரரின் எண்களையும் தரும் சுருக்க அட்டவணை. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இது மேஜர் லீக் தளத்தில் கட்டணமின்றிக் கிடைக்கும். மூன்று, வெற்று ஸ்கோர் தாள். இதையும் இணையத்திலிருந்து இறக்கி, ஜெராக்ஸ் கடையில் வேண்டிய அளவு நகலெடுத்துக்கொள்ளலாம். பென்சில், அழிப்பான், கிளிப் வைத்த பரீட்சை அட்டை ஆகியவை வீட்டிலேயே இருக்கும். ஆடி மாதத்தில் திறந்த மைதானத்தில் உட்கார்ந்து எழுதுவதாக இருந்தால் அட்டையின் கீழ்ப்பக்கத்துக்கும் ஒரு கிளிப் வாங்கிவிடுங்கள்; அந்தக் காற்று தாளை விட்டுவைக்காது.

செலவைப் பொறுத்தவரை, தொடக்கத்தில் நகலெடுக்கும் காசைத் தவிர வேறு எதுவும் தேவையில்லை. பேஸ்பால் ரெஃபரன்ஸ், ஃபேன்கிராஃப்ஸ், பேஸ்பால் சவான்ட் ஆகிய தளங்களில் வீரர்களின் எண்களை இலவசமாகப் பார்க்கலாம். நேரலை ஒளிபரப்புச் சந்தாவும், பழைய தரவுகளைச் சல்லடை போட்டுத் தேடித் தரும் கட்டணக் கருவிகளும் எண்களைப் படிக்கத் தெரிந்த பிறகு வாங்க வேண்டியவை. முதல் மாதத்திலேயே சந்தா கட்டினால் படம் பார்ப்பீர்கள், கணக்குப் போட மாட்டீர்கள்.

2. நேரத்தைத் திட்டமிடுதல்

மேஜர் லீக் பருவம் மார்ச் இறுதியில் தொடங்கி செப்டம்பர் இறுதி வரை நடக்கும். ஒவ்வோர் அணிக்கும் 162 ஆட்டங்கள். அமெரிக்கக் கிழக்குக் கடற்கரையில் மாலை 7 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் நமக்கு அதிகாலை 4.30க்கும், மேற்குக் கடற்கரையில் 7 மணிக்குத் தொடங்குவது நமக்குக் காலை 7.30க்கும் தொடங்கும். ஆகவே கிழக்குப் பகுதி ஆட்டங்களின் பாக்ஸ் ஸ்கோர் காலை எட்டு மணிக்குள் பெரும்பாலும் முழுமையாகிவிடும். கல்லூரிக்குப் பேருந்தில் ஒரு மணி நேரம் போகிறவர்கள் அந்த நேரத்தையே படிப்பதற்கு வைத்துக்கொள்ளலாம்.

தேதியில் ஒரு பொறி உண்டு. நமக்குச் சனிக்கிழமை காலையில் நடக்கும் ஆட்டம் தளத்தில் வெள்ளிக்கிழமைத் தேதியில்தான் இருக்கும். குறிப்பேட்டில் எப்போதும் அமெரிக்கத் தேதியையே எழுதுங்கள்; இல்லாவிட்டால் பின்னால் ஒப்பிடும்போது எந்த ஆட்டமும் பொருந்தாது. அதிகாலையில் விழிக்க இயலாதவர்கள் ஜப்பானிய லீகைப் பின்தொடரலாம். அங்கே மாலை 6 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் நமக்குப் பிற்பகல் 2.30 மணிக்கு வரும்.

3. கீழெண்ணைப் பிரித்தறிதல்

இந்தப் படிக்கு ஒரு வாரம் முழுவதையும் ஒதுக்குங்கள். இதை அவசரமாகக் கடந்தவர்கள் ஐந்தாம் படியில் வரும் ஓ.பி.எஸ். என்னும் எண் வரை போய்விட்டுத் திரும்ப இங்கேதான் வந்து சேர்வார்கள்.

ஒரு பேட்டர் தம் முறைக்கு வந்து, அந்த முறை ஏதோ ஒரு முடிவை எட்டினால் அது ஒரு பிளேட் அப்பியரன்ஸ், சுருக்கமாக பி.ஏ. இதில் எல்லாம் அடங்கும். அட் பேட் எனப்படும் ஏ.பி. இதைவிடச் சிறியது. நான்கு பால் பெற்று நடந்துபோன வாக், பந்து உடலில் பட்டு பேஸ் பெற்ற ஹிட் பை பிட்ச், பந்தை மெல்லத் தட்டி ஓடுபவரை முன்னேற்றும் சேக்ரிஃபைஸ் பன்ட், சேக்ரிஃபைஸ் ஃப்ளை, கேட்சரின் குறுக்கீட்டால் பேஸ் பெறுவது ஆகிய ஐந்தையும் பி.ஏ.விலிருந்து கழித்தால் மிஞ்சுவதே ஏ.பி.

கிரிக்கெட்டிலிருந்து வருகிறவருக்கு இரண்டு இடங்களில் இது உறுத்தும். எரரால் பேஸை அடைந்தவர் அவுட் ஆகவில்லை. ஆனாலும் அது ஏ.பி.யில் சேரும், ஹிட்டில் சேராது. அதாவது ஃபீல்டர் சாதாரண முயற்சியால் பிடித்திருக்க வேண்டிய பந்தைத் தவறவிட்டால், பேட்டர் பேஸில் நின்றாலும் கணக்கில் அவர் தோற்றவரே. ஃபீல்டர்ஸ் சாய்ஸ் என்பதும் அப்படியே: முன்னால் ஓடுபவரை அவுட் ஆக்க முனைந்ததால் பேட்டர் தப்பித்தார் என்றால் அதுவும் ஏ.பி., ஹிட் இல்லை.

சேக்ரிஃபைஸ் ஃப்ளையிலும் ஒரு பொறி இருக்கிறது. இரண்டுக்கும் குறைவான அவுட் இருக்கும்போது உயரே அடித்த பந்தைப் பிடித்த பிறகு ஓடுபவர் ஹோமுக்கு வந்து ரன் எடுத்தால்தான் அது சேக்ரிஃபைஸ் ஃப்ளை. இரண்டாம் பேஸில் இருந்தவர் மூன்றாம் பேஸுக்கு முன்னேறினார் என்பதற்காக அந்தச் சலுகை கிடையாது. அது வெறும் அவுட்.

ஓர் ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு பேட்டர் ஐந்து முறை வருகிறார்: ஒரு சிங்கிள் (ஒரு பேஸ் தரும் ஹிட்), ஒரு வாக், ரன் தந்த ஒரு சேக்ரிஃபைஸ் ஃப்ளை, எரரால் ஒரு பேஸ், ஒரு ஸ்டிரைக் அவுட். பி.ஏ. 5. அதில் வாக்கையும் சேக்ரிஃபைஸ் ஃப்ளையையும் கழித்தால் ஏ.பி. 3. ஹிட் 1. இந்த வரியைத் தாளில் எழுதி அருகில் வைத்துக்கொள்ளுங்கள்; அடுத்த இரண்டு படிகளிலும் இதே எண்கள் திரும்ப வரும்.

4. பேட்டிங் ஆவரேஜ்

ஹிட்டை ஏ.பி.யால் வகுத்தால் பேட்டிங் ஆவரேஜ். நம் பேட்டருக்கு 1/3, அதாவது .333. முன்னால் உள்ள பூஜ்யத்தை எழுதுவதில்லை; மூன்று தசம இடங்கள் வரை எழுதுவார்கள்; .300 என்பதை வர்ணனையில் முந்நூறு என்றே சொல்வார்கள். கிரிக்கெட் சராசரியோடு இதற்கு உறவே இல்லை. அங்கே ரன்னை அவுட் ஆன எண்ணிக்கையால் வகுக்கிறோம். இங்கே ரன் கணக்கிலேயே வருவதில்லை. பத்துக்கு மூன்று முறை ஹிட் அடிப்பவர் சிறந்த பேட்டர். அண்மைப் பருவங்களில் மேஜர் லீக் முழுவதற்குமான ஆவரேஜ் .240க்கும் .250க்கும் இடையில்தான் இருக்கிறது, எனவே.260 என்பதைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள்.

பருவத்தின் இறுதியில் ஆவரேஜ் பட்டம், அதாவது ஆவரேஜில் லீகின் முதலிடம், பெற வேண்டுமானால் அணி ஆடிய ஒவ்வோர் ஆட்டத்துக்கும் 3.1 பி.ஏ. இருக்க வேண்டும். 162 ஆட்டங்களுக்கு அது 502. ஜப்பானின் 143 ஆட்டங்களுக்கு 443. தளங்களில் பட்டியலைத் திறந்ததும் நீங்கள் தேடும் வீரர் காணாமல் போயிருந்தால், அவர் இந்த வரம்பைத் தொடவில்லை என்பதே பெரும்பாலும் காரணம். தகுதி பெற்றவர்கள் மட்டும் என்ற வடிகட்டியை நீக்கிவிட்டுப் பாருங்கள்.

5. ஆன்-பேஸ், ஸ்லக்கிங், ஓ.பி.எஸ்.

ஆவரேஜின் குறை, வாக்கை அது காணாமல் விடுவது. ஆன்-பேஸ் சதவீதம் இதைச் சரிசெய்கிறது. மேலே ஹிட், வாக், ஹிட் பை பிட்ச், கீழே ஏ.பி., வாக், ஹிட் பை பிட்ச், சேக்ரிஃபைஸ் ஃப்ளை. நம் பேட்டருக்கு 2/5, அதாவது .400. கீழெண்ணில் சேக்ரிஃபைஸ் ஃப்ளை இருக்கிறது, சேக்ரிஃபைஸ் பன்ட் இல்லை என்பதைக் கவனியுங்கள். பி.ஏ.வால் வகுத்துவிட்டு, தளத்தில் உள்ள எண்ணோடு ஏன் ஒத்துப்போகவில்லை என்று மணிக்கணக்கில் தேடுகிறவர்களுக்கு விடை பெரும்பாலும் இதுதான்.

ஸ்லக்கிங் என்பது அடியின் நீளத்தை அளப்பது. சிங்கிளுக்கு 1, டபுளுக்கு 2, டிரிபிளுக்கு 3, ஹோம் ரன்னுக்கு 4 என்று கூட்டி, வரும் மொத்த பேஸை ஏ.பி.யால் வகுக்க வேண்டும். பெயரில் சதவீதம் என்று இருந்தாலும் இது 1.000ஐத் தாண்டக்கூடும், ஒவ்வொரு முறையும் ஹோம் ரன் அடித்தால் 4.000. ஆன்-பேஸையும் ஸ்லக்கிங்கையும் கூட்டினால் ஓ.பி.எஸ். நம் பேட்டருக்கு .400, .333, கூட்டினால்.733.

ஆவரேஜ், ஆன்-பேஸ், ஸ்லக்கிங் ஆகிய மூன்றின் (தொடக்கத்தில் சொன்ன .284, .351, .462 இதே வரிசையில் நிற்பவைதான்) வேறுபாட்டையும் காட்ட 2004ஆம் ஆண்டைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைக்கவில்லை. அந்த ஆண்டு மேஜர் லீகின் இரு பிரிவுகளில், அமெரிக்கன் லீகில் சியாட்டில் அணியின் இச்சிரோ சுசுகியும், நேஷனல் லீகில் சான் பிரான்சிஸ்கோ அணியின் பாரி பாண்ட்ஸும் ஆவரேஜ் பட்டம் பெற்றனர். இச்சிரோவுக்கு 704 ஏ.பி.யில் 262 ஹிட், ஆவரேஜ்.372. ஒரே பருவத்தில் 262 ஹிட் என்பது மேஜர் லீகில் வேறு எவரும் எட்டாத எண்ணிக்கை. பாண்ட்ஸுக்கு 373 ஏ.பி.யில் 135 ஹிட், ஆவரேஜ்.362. ஆவரேஜை மட்டும் பார்த்தால் இச்சிரோ ஒரு படி மேலே.

இப்போது கீழெண்ணைப் பாருங்கள். பாண்ட்ஸின் ஏ.பி. 373 என்றால் பி.ஏ. 617. இடைவெளி எங்கே போயிற்று? 232 வாக், அதில் 120 எதிரணி வேண்டுமென்றே கொடுத்தவை. 9 ஹிட் பை பிட்ச். 3 சேக்ரிஃபைஸ் ஃப்ளை. ஆகவே ஆன்-பேஸ் 376/617, அதாவது .609. இச்சிரோவுக்கு 49 வாக், 4 ஹிட் பை பிட்ச், 3 சேக்ரிஃபைஸ் ஃப்ளை, 315/760, அதாவது.414. அதுவும் மிக நல்ல எண்ணே. ஆனால் எதிரே இருப்பது.609. ஸ்லக்கிங்கில் இடைவெளி இன்னும் விரிகிறது. இச்சிரோவின் 262 ஹிட்டில் 225 சிங்கிள். மொத்த பேஸ் 320, ஸ்லக்கிங்.455. பாண்ட்ஸின் 135 ஹிட்டில் 45 ஹோம் ரன். மொத்த பேஸ் 303, ஸ்லக்கிங்.812. ஏறக்குறைய பாதி ஏ.பி.யில் அவ்வளவு பேஸ்.

இந்தக் கணக்கை நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள். அப்போது ஒரு சிறு பொறியிலும் காலை வைப்பீர்கள். .609ஐயும் .812ஐயும் கூட்டினால் 1.421 வரும், தளங்களிலோ 1.422 என்று இருக்கும். தளத்தில் தவறில்லை. .6094, .8123 என்று நான்கு இடங்கள் வைத்துக் கூட்டிய பிறகே சுருக்க வேண்டும். முதலில் சுருக்கிவிட்டுக் கூட்டக் கூடாது.

ஓ.பி.எஸ். விரைவாகப் பார்க்க உதவும் எண், அவ்வளவுதான். வெவ்வேறு கீழெண் கொண்ட இரண்டு பின்னங்களை அப்படியே கூட்டுவது எட்டாம் வகுப்புக் கணக்கு ஆசிரியருக்குப் பிடிக்காது, எனக்கும் பிடிக்கவில்லை. ஓ.பி.எஸ். ஒன்றாகவே இருக்கும் இருவரில் ஆன்-பேஸ் கூடுதலாக உள்ளவரை நான் முன்னால் வைப்பேன், ஏனெனில் அவுட் ஆகாமல் இருப்பதன் பயன் இந்தக் கூட்டலில் குறைத்தே மதிப்பிடப்படுகிறது.

6. ஆர்.பி.ஐ. என்னும் ஆசை காட்டும் எண்

பேட்டரின் செயலால் எத்தனை பேர் ரன் எடுத்தார்கள் என்பது ஆர்.பி.ஐ. கிரிக்கெட் ரசிகருக்கு இதுவே உடனே மனத்தில் ஒட்டும், ஏனெனில் இது ரன் போலத் தெரிகிறது. ஆனால் கடைமடை வயலுக்கு எவ்வளவு தண்ணீர் வரும் என்பது தலைமடையில் நடப்பதைப் பொறுத்தது போல, ஒருவரின் ஆர்.பி.ஐ. அவருக்கு முன் ஆடியவர்கள் பேஸில் நிற்கிறார்களா என்பதைப் பொறுத்தது. பேட்டிங் வரிசையில் முதல் இடத்தில் ஆடிய இச்சிரோவுக்கு 262 ஹிட் அடித்த ஆண்டிலும் ஆர்.பி.ஐ. 60தான். அணிக்குள் யாரை எந்த இடத்தில் ஆட வைப்பது என்ற பேச்சில் இந்த எண்ணை நீட்டுகிறவரிடம், அவருக்கு எத்தனை பேர் பேஸில் இருந்தார்கள் என்று கேளுங்கள்.

கணக்கிடும்போது நினைவில் வைக்க வேண்டியது: ஒரே பந்தில் இருவர் அவுட் ஆகும் டபுள் பிளேயாக முடியும் தரைப்பந்தில் ரன் வந்தாலும் ஆர்.பி.ஐ. கிடையாது. பேஸ்கள் நிரம்பியிருக்கையில் வாக் பெற்றால் உண்டு.

7. மைதானத்தையும் காலத்தையும் சரிக்கட்டிய எண்கள்

டென்வர் நகரத்தின் கூர்ஸ் ஃபீல்டு கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; காற்றின் அடர்த்தி குறைவாதலால் பந்து கூடுதல் தொலைவு பறக்கும். அங்கே ஆடுபவரின் .850ஐயும் வேறிடத்தில் ஆடுபவரின் .850ஐயும் ஒன்றாக வைக்க முடியாது. இதைச் சரிசெய்யவே ஓ.பி.எஸ். பிளஸ், டபிள்யூ.ஆர்.சி. பிளஸ் ஆகிய எண்கள் வந்தன. இரண்டிலும் 100 என்பது லீகின் சராசரி; 120 என்றால் சராசரியைவிட 20 சதவீதம் மேல் என்று பொதுவாகப் படிக்கலாம். முதலாவது பேஸ்பால் ரெஃபரன்ஸில் கிடைக்கும், இரண்டாவது ஃபேன்கிராஃப்ஸில். இவற்றை நாம் கையால் கணக்கிட வேண்டியதில்லை, படிக்கத் தெரிந்தால் போதும்.

இன்னோர் எண்ணையும் அறிந்துகொள்ளுங்கள்: பாபிப். ஹோம் ரன்னை நீக்கிவிட்டு, மைதானத்துக்குள் அடித்த பந்துகளில் எத்தனை ஹிட் ஆயின என்பதை இது சொல்கிறது. லீக் முழுவதற்கும் இது .300 அளவில் இருக்கும். ஏப்ரல் மாதத்தில் ஒருவர் .400 ஆவரேஜோடு நிற்கிறார், அவரது பாபிப் .480 என்றால், ஜூன் மாதத்தில் மேட்டூர் திறக்கும் நேரத்துக்குள் அந்த ஆவரேஜ் இறங்கிவிடும் என்று எதிர்பார்ப்பதே நியாயம். வேகமாக ஓடுபவர்களுக்கும் பலமாக அடிப்பவர்களுக்கும் இது .300ஐவிடச் சற்று மேலேயே நிலைக்கக்கூடும், ஆனால்.480இல் எவருக்கும் நிலைக்காது.

எவ்வளவு காலம் பொறுத்து ஓர் எண்ணை நம்பலாம் என்பது எண்ணுக்கு எண் மாறும். ஸ்டிரைக் அவுட் விகிதம் 60 பி.ஏ. அளவிலேயே ஓரளவு உண்மையைக் காட்டத் தொடங்கும். ஆவரேஜுக்கோ ஒரு முழுப் பருவம்கூடப் போதாது. இரண்டு நாள் போட்டியில் எடுத்த .500ஐக் காட்டி ஒருவரைப் புகழ்வதும் .100ஐக் காட்டி உட்கார வைப்பதும் ஒரே தவறுதான்.

8. உங்கள் அணிக்கே கணக்கு எழுதுதல்

இவ்வளவும் படித்த பின் சொந்த அணிக்கு எழுதத் தொடங்குங்கள். எக்செல் தாளில் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு வரி, பி.ஏ., ஏ.பி., சிங்கிள், டபுள், டிரிபிள், ஹோம் ரன், வாக், ஹிட் பை பிட்ச், சேக்ரிஃபைஸ் பன்ட், சேக்ரிஃபைஸ் ஃப்ளை, கேட்சர் குறுக்கீடு, ஸ்டிரைக் அவுட் என்று தனித்தனிக் கட்டங்கள். ஆவரேஜையும் ஆன்-பேஸையும் எண்ணாகத் தட்டாதீர்கள், சூத்திரமாகவே எழுதுங்கள். ஏ.பி.யோடு வாக், ஹிட் பை பிட்ச், இரண்டு சேக்ரிஃபைஸ், கேட்சர் குறுக்கீடு ஆகியவற்றைக் கூட்டினால் பி.ஏ. வருகிறதா என்று சோதிக்க ஒரு கட்டம் வையுங்கள். வராத வரியில் எங்கோ தவறு இருக்கிறது.

ஆவரேஜ்களை ஒருபோதும் சராசரி எடுக்காதீர்கள். முதல் வாரம் 8 ஏ.பி.யில் 4 ஹிட், .500, இரண்டாம் வாரம் 20 ஏ.பி.யில் 4 ஹிட், .200. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் .350 என்று அழகான எண் வரும். உண்மை 28க்கு 8, அதாவது .286.

நம் பக்கத்துப் போட்டிகளில் எழும் பெரிய சிக்கல், பேஸை அடைந்த எல்லாவற்றையும் ஹிட் என்று எழுதிவிடும் பழக்கம். நண்பன் அடித்தது, பாவம், ஹிட் என்றே போடு என்று பக்கத்திலிருந்து குரல் வரும். மூன்றாம் படியில் பார்த்த அதே பேட்டருக்கு எரரை ஹிட் என்று மாற்றினால் .333 என்பது .667 ஆகிவிடும், அதற்குப் பிறகு அந்தத் தாளுக்கு மதிப்பே இல்லை. எனவே ஓர் ஆட்டத்துக்கு இருவர் எழுதுவது நல்லது, முடிந்தால் ஒருவர் எதிரணியைச் சேர்ந்தவராக இருக்கட்டும். ஐயம் வந்த பந்துக்கு எதிரே சிறு கேள்விக்குறி போட்டு, எந்த ஃபீல்டரிடம் போனது என்பதை அவரது நிலை எண்ணோடு குறியுங்கள்: பிட்சர் 1, கேட்சர் 2, முதல் பேஸ் 3, இரண்டாம் பேஸ் 4, மூன்றாம் பேஸ் 5, ஷார்ட்ஸ்டாப் 6, பிறகு இடது, நடு, வலது ஃபீல்டர்கள் 7, 8, 9. ஷார்ட்ஸ்டாப் வரிசையில் ஐந்தாவது அல்ல, ஆறாவது என்பதைப் புதியவர்கள் மாற்றி எழுதுவது வழக்கம்.

ஆட்டம் முடிந்த அன்றே, அணிகள் பேருந்து ஏறுவதற்கு முன், இரு தாள்களையும் பக்கத்தில் வைத்து கேள்விக்குறிகளைத் தீர்த்து, இருவரும் கையெழுத்திட்டு, கைப்பேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலையில் அந்தப் பந்து எப்படிப் போனது என்று இருவரும் இரண்டு விதமாகச் சொல்வார்கள்.